வெறும் நாலு

என் நாத்தனாரை எங்கள் வீட்டில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘இடி’ என்றால் போதும், வந்து நிற்பாள். பள்ளிக்கூடம் போகிற வயதில் இரண்டு கரண்டிகளை வைத்துக்கொண்டு சாப்பாட்டு மேசையை ஒரு வழி பண்ணியதற்காக அவள் அண்ணன் வைத்த பெயர் அது. அந்த அண்ணனைத்தான் நான் கட்டிக்கொண்டேன். புகுந்த வீட்டில் என் முதல் காலை, தலையணைக்கு அடியில் தரை அதிர்ந்தது. லாரி ஏதோ வீட்டுக்குள் நுழைந்துவிட்டது என்று எழுந்து உட்கார்ந்துவிட்டேன். “பயப்படாத, என் தங்கச்சிதான். கீழே ப்ராக்டிஸ் பண்றா,” என்று சொல்லிவிட்டு என் வீட்டுக்காரர் மறுபக்கம் திரும்பிப் படுத்தார். பூகம்பமே வந்தாலும் தங்கச்சிதான் என்று நினைத்துத் தூங்கிவிடுகிற மனிதர் அவர்.

கீழே என்றால் கார் நிறுத்துகிற கொட்டகை. எங்களிடம் கார் கிடையாது. பழைய மெத்தைகளைச் சுவரில் ஆணி அடித்து மாட்டி, சந்து பொந்திலெல்லாம் கந்தல் திணித்து, நடுவில் தன் டிரம்ஸை வைத்திருக்கிறாள். பெரிதும் சிறிதுமாக ஒரு கூட்டுக்குடும்பமே இருக்கும். தலைக்கு மேலே பித்தளைத் தகடுகள், காலுக்கு இரண்டு மிதிகள். அதற்குள் போய் உட்கார பக்கவாட்டில் வயிற்றை எக்கி நுழைய வேண்டும். எனக்கு அந்தப் பாக்கியம் இந்த ஜென்மத்தில் இல்லை.

அவளும் இன்னும் மூன்று பேரும் சேர்ந்த குழு வாசிப்பது ப்ராக்ரெசிவ் மெட்டல். தெரியாதவர்களுக்கு எனக்குத் தெரிந்த மட்டில் சொல்கிறேன். மெட்டல் என்றால் காது கிழிகிற கிதார். ப்ராக்ரெசிவ் என்றால், காது கிழிந்துகொண்டிருக்கும்போதே நீங்கள் கணக்கும் போட வேண்டும். சாதாரணப் பாட்டு நாலு நாலு அடியாக நடக்கும், கைக்குழந்தைகூடத் தலையாட்டும். இவர்கள் பாட்டு ஏழில் தொடங்கும். நமக்குக் கொஞ்சம் பிடி கிடைக்கிறது என்று தெரிந்தால் பதினொன்றுக்குத் தாவும். நடுவில் ஐந்தாக நொண்டும். ஒரு பாட்டு முடிவதற்குள் கொடியில் போட்ட துணி காய்ந்துவிடும். போன தடவை அவர்கள் வெளியிட்ட ஆல்பத்தில் மொத்தமே ஒரு பாட்டுதான்.

கேட்க வருகிறவர்களும் அதற்கேற்ற ஆட்கள். கறுப்புச் சட்டை, கட்டிய கை, பரீட்சை எழுதுகிற முகம். ஆட்டம் பாட்டம் எதுவும் கிடையாது. கண்ணை மூடி விரல் விட்டு எண்ணிக்கொண்டிருப்பார்கள். பாட்டு எப்போது முடிந்தது என்று அவர்களுக்கே தெரியாது. நடுநடுவே திடீரென்று எல்லாம் நின்று மௌனமாகும். அங்கே கை தட்டியவன் மானம் போயிற்று. அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். இடி எழுந்து பெரிய தகட்டைக் கையால் பிடித்து அதன் ரீங்காரத்தை நிறுத்துவாள். முடிந்தது என்று அர்த்தம். அதற்கப்புறம்தான் கைத்தட்டல். அதற்கு முன்னால் ஒரு கை இன்னொரு கையைத் தொட்டதாகச் சரித்திரமே இல்லை.

பகலில் அவளுக்கு வேறு வேலை. ஆஸ்பத்திரி மூன்றாவது மாடியில் நடைப் பயிற்சிக் கூடம் இருக்கிறது. பக்கவாதம் வந்தவர்களுக்கும் இடுப்பு எலும்பு உடைந்தவர்களுக்கும் மறுபடி நடக்கச் சொல்லிக் கொடுக்கிற இடம். இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ள எஃகுக் கம்பிகள், எதிரே ஆளுயரக் கண்ணாடி, தரையில் ரப்பர் விரிப்பு. நோயாளியின் இடுப்பில் அகலமான வார் ஒன்றைக் கட்டி, பின்னாலிருந்து அதைப் பிடித்துக்கொண்டு, “ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு...” என்று எண்ணியபடியே நடக்க வைப்பாள். அந்த எண்ணிக்கைக்குத்தான் கால் வரும். வீட்டில் ஒரு டம்ளரைக்கூட மெதுவாக வைக்கத் தெரியாதவள், அங்கே அப்படிப் பொறுமையாக நிற்பாள். முதல் தடவை பார்த்தபோது இது நம் வீட்டு இடிதானா என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

இப்படி இருக்கும்போது கிதார்காரன் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டான். அவன்தான் குழுவுக்குத் தலை. இடியோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவன், பகலில் குழாய்ச் சாமான் கடை. கொட்டகையில் நான் டீ கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் பேச்சை எடுத்தான்.

“என் பொண்ணு இருக்கால்ல, நாளெல்லாம் ஏதோ முணுமுணுத்துக்கிட்டே இருக்கா. என்னடா பாட்டுன்னு கவனிச்சுக் கேட்டேன். வாஷிங் மிஷின் துவைச்சு முடிச்சதும் ஒரு ட்யூன் வருமே, அது. பொறந்ததுலேர்ந்து அவ காதுல என் பாட்டுதான் விழுது. அதுல ஒண்ணுகூட அவ வாயில வரல. வாஷிங் மிஷின் ஜெயிச்சிருச்சு.”

பாடகன் சிரித்தான். பேஸ் கிதார் வாசிக்கிற தாடி சிரிக்கவில்லை. ரொம்ப நாளாக அவர் மனதில் இருந்ததை வேறொருவன் சொல்லிவிட்டான் என்று முகத்தில் தெரிந்தது. கிதார்காரன் விடவில்லை. ஆரம்பத்தில் எப்படி வாசித்தோம், நினைவிருக்கிறதா என்றான். அப்போது சின்னச் சின்னப் பாட்டுகள், கேட்டவர்கள் வீட்டுக்குப் போகும்போது முணுமுணுத்துக்கொண்டு போனார்கள், அந்த இடத்துக்கு மறுபடி போவோம் என்றான். கையோடு ஒரு புதுப் பாட்டும் எழுதிக்கொண்டு வந்திருந்தான். ‘கதவு திறந்துதான் கிடக்கு, வா’ என்று பல்லவி. வாசித்துக் காட்டினான். நான் டீ டம்ளர்களோடு அப்படியே நின்றுவிட்டேன். இத்தனை வருஷத்தில் அந்தக் கொட்டகையில் எனக்குப் புரிந்த முதல் பாட்டு அதுதான்.

“எனக்கு என்ன?” என்றாள் இடி.

“உனக்கு நாலு. ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும்.”

“வெறும் நாலா?”

“வெறும் நாலு.”

“இதுக்கு நான் எதுக்குடா? பொம்மை டிரம்ல உன் பொண்ணே அடிப்பாளே,” என்று சொல்லிவிட்டு அவள் மாடிக்கு ஏறிப் போய்விட்டாள். அன்று முழுக்க முகம் உர்ரென்று இருந்தது. கஷ்டமானதை அடிக்க முடியும் என்பதுதான் அவள் கௌரவம். அதைப் பிடுங்கிக்கொண்டால் தன்னிடம் மிச்சம் என்ன இருக்கிறது என்று பயந்தாள். அவள் வாயால் அதைச் சொல்லவில்லை. ஆனால் அவளோடு ஒரே அடுப்படியில் குப்பை கொட்டுகிறவளுக்குத் தெரியாதா?

மூன்று பேர் ஒரு பக்கம், அவள் ஒருத்தி ஒரு பக்கம். முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டாள். புதுப் பாட்டை முதல் தடவை மேடையேற்றியது மரச்சாமான் கடை ஒன்றின் மாடியில் இருக்கிற சின்னக் கூடத்தில். வழக்கமான கறுப்புச் சட்டைகள் பின்னால் நின்றார்கள். பாட்டு மாறியிருக்கிறது என்று கேள்விப்பட்டு ஆஸ்பத்திரி நர்ஸுகள், குழாய்க் கடை வாடிக்கையாளர்கள், அக்கம்பக்கத்தார் என்று புது முகங்களும் வந்திருந்தன. நானும் போனேன்.

பாட்டு நன்றாகத்தான் போனது. இரண்டாவது தடவை பல்லவி வந்தபோது, தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் நின்ற ஒரு நர்ஸ் தாளத்துக்குக் கை தட்ட ஆரம்பித்தாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாதிக் கூடம் தட்டுகிறது. என் கையும் தானாக எழுந்துவிட்டது. எனக்கு ஒரே சந்தோஷம்.

மேடையில் இடியின் முகம் வெளிறிப்போனது. பாட்டு நடக்கும்போது கைத்தட்டல் என்பதை அவள் ஆயுளில் கேட்டதில்லை. ஏதோ தப்பாகிவிட்டது, எங்கேயோ விட்டுவிட்டோம், அதனால்தான் ஜனங்கள் முடிந்துவிட்டதாக நினைத்துத் தட்டுகிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. பதறினால் ஆள் தாய்மொழிக்குப் போய்விடுவது போல அவள் கை ஏழுக்குப் போய்விட்டது. அவ்வளவுதான். எங்கள் கைத்தட்டல் ஒரு பக்கம், டிரம் ஒரு பக்கம். சிலர் துரத்திப் பிடிக்கப் பார்த்தார்கள். சிலர் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் சமாளித்தார்கள். கடைசியில் ஒவ்வொருவராகக் கையைக் கீழே போட்டார்கள். அந்த நர்ஸ், தப்பு தன்மேல்தான் என்று நினைத்துக்கொண்டு, கைப்பைக்குள் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டாள். பின்னால் நின்ற கறுப்புச் சட்டைகள் மட்டும் முகம் மலர்ந்து விரல் விட ஆரம்பித்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த விரல்களை ஒடித்திருப்பேன்.

மறுநாள் கிதார்காரன் சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து கொட்டகையில் வைத்தான். டிரம் மிஷின். காலால் ஒரு தட்டுத் தட்டினால் நாலு நாலாக அடித்துக்கொண்டே இருக்கும். டீ கேட்காது, கோபித்துக்கொள்ளாது.

“நூலகத்துக்குப் பின்னாடி இருக்கிற பெரிய அரங்கம் நமக்குக் கிடைச்சிருக்கு, இடி. அங்கயும் இப்படி ஆச்சுன்னா நம்ம கதை முடிஞ்சுது. நீ உட்காரு, நான் வேண்டாங்கல. ஆனா இது என் கால்கிட்ட இருக்கும். நீ ஒரு தடவை வழுக்கினாலும் மிதிச்சிருவேன். அதுக்கப்புறம் புதுப் பாட்டெல்லாம் இதுதான் அடிக்கும்.”

சின்ன வயதுத் தோழன் அப்படிச் சொல்லிவிட்டானே என்று அவள் கத்துவாள், குச்சியை வீசுவாள் என்று எதிர்பார்த்தேன். தலையை ஆட்டினாள், அவ்வளவுதான். அவளுக்கு அந்தக் குழுவை விட்டால் ஆஸ்பத்திரியும் எங்கள் வீடும்தான். எங்கள் வீட்டைப் பற்றி எனக்குத் தெரியும்.

அதன்பிறகு ராப்பகலாக அதே நினைப்பு. பல் தேய்க்கும்போதும் நாலு, படி ஏறும்போதும் நாலு. நினைக்க நினைக்கத்தான் தப்பு கூடியது. கொட்டகையில் கொஞ்ச நேரம் ஒழுங்காகப் போகும். பிறகு அவள் கை தாங்காமல் நடுவில் ஒரு உருட்டு உருட்டிவிடும், ஒரு தகட்டைத் தேவையில்லாமல் தொட்டுவிடும்.

“சும்மா அடிச்சிட்டுப் போக வேண்டியதுதானே? உனக்கென்ன நோவு?” என்று கேட்டேன்.

“ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவுல காலியா இருக்கு அண்ணி. அந்த இடத்தைப் பார்த்தா பயமா இருக்கு. எதையாவது போட்டு மூடணும்னு கை துடிக்குது.”

அப்புறம்தான் கண்டக்டர் அக்கா விஷயம் நடந்தது. பஸ் கண்டக்டராக இருந்த பெண்மணி. பக்கவாதத்தில் இடது கால் விழுந்துவிட்டது, குரல் மட்டும் முழுசாக இருந்தது. கடைசி சீட்டில் தூங்குகிறவனை முதல் படியிலிருந்தே எழுப்பிய குரல். இடி அவரை வார் கட்டி நடத்திக்கொண்டிருந்தாள். வாய் எண்ணிக்கொண்டிருந்ததே தவிர மனசு கொட்டகையில் இருந்தது. எண்ணிக்கை நாலைத் தாண்டி, ஐந்து, ஆறு, ஏழு என்று போய், மறுபடி ஒன்று என்று வந்துவிட்டது. அவள் கவனிக்கவே இல்லை.

ஒன்று என்றால் அந்த அம்மாவுக்கு இடது கால். பலமில்லாத கால். ஏழு எண்ணினால் அடுத்த ஒன்று வலது காலில் போய் விழும். கண்டக்டர் அக்கா ‘ஒண்ணு’ என்று கேட்டதும் இடது காலைத் தூக்கப் போனார். உடம்பின் பாரமோ அந்தக் காலின் மேலேயே இருந்தது. மடங்கிச் சரிந்துவிட்டார். வாரைக் கெட்டியாகப் பிடித்திருந்ததால் தரையில் விழவில்லை. இருவருமாகக் கம்பியில் சாய்ந்து நின்றார்களாம்.

“அந்தம்மா என்னைப் பிடிச்சுக் காய்ச்சி எடுத்துட்டாங்க அண்ணி,” என்றாள் இடி. அடுப்படியில் என் எதிரே உட்கார்ந்திருந்தாள். “‘ஏம்மா, நீ ஒண்ணுன்னு சொல்லுவேன்னு நம்பித்தான இந்தச் செத்த காலை எடுத்து வைக்கிறேன்! நீ பாட்டுக்கு ஆறு ஏழுன்னு ஊர்கோலம் போனா நான் எங்க கால வைக்கிறது? அடுத்த ஒண்ணு எப்ப வரும்னு எனக்கு முன்கூட்டியே தெரியணும். தெரிஞ்சாத்தான் கால் வரும்’னாங்க.”

“திட்டினா திட்டிட்டுப் போறாங்க. விழலயே, அது போதும்.”

“அது இல்ல அண்ணி. அவங்க அப்படித் திட்டிட்டு உடனே, ‘சரி, எண்ணு’ன்னு மறுபடி அதே காலைத் தூக்கினாங்க. இப்பத்தான விழப் பார்த்தாங்க? அப்பவும் தூக்கினாங்க. நான் ஒண்ணுன்னேன். வச்சாங்க. ரெண்டுன்னேன். வச்சாங்க. கூடத்தோட அந்தக் கோடி வரைக்கும் போயிட்டோம். என் வாயைப் பார்த்து ஒரு ஆளு முழு உடம்பையும் வைக்குது.” சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. “அன்னைக்கு அந்த நர்ஸ் கை தட்டினாளே, அவளும் இப்படித்தான வச்சா? நான் நடுவுல காலை வாரிவிட்டுட்டேன்.”

சாப்பிடு என்று சொல்லி அவள் முன்னால் தட்டை வைத்தேன்.

அன்று மாலை கொட்டகையிலிருந்து வந்த சத்தத்தை நான் மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டேன். நாலு. மறுபடி நாலு. உருட்டல் இல்லை, மின்னுகிற வேலை எதுவும் இல்லை. ஒரு அடி விழும், அடுத்தது வரும் வரை அவள் காத்திருப்பாள். அந்தக் காத்திருப்பு எனக்கே கேட்டது. இத்தனை வருஷமாக அந்தக் கொட்டகையைத் திட்டாத நாள் இல்லை. அன்றைக்கு அது நிற்கும்வரை எழுந்து போக எனக்கு மனசே வரவில்லை.

பெரிய அரங்கம் அன்று நிரம்பியிருந்தது. என் வீட்டுக்காரரைத் தூக்கத்திலிருந்து எழுப்பி இழுத்துக்கொண்டு போயிருந்தேன். பழைய கறுப்புச் சட்டைகள் முன்வரிசையைப் பிடித்துக்கொண்டு கையைக் கட்டி நின்றார்கள். அந்த வரிசையின் ஓரத்திலேயே நாங்களும் நுழைந்து நின்றோம். மேடையில் கிதார்காரனின் வலது காலுக்குப் பக்கத்தில் அந்தப் பெட்டி, பச்சை விளக்கு கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. எனக்கு அதைத் தவிர வேறு எதையும் பார்க்கத் தோன்றவில்லை.

புதுப் பாட்டு தொடங்கியது. பல்லவி வந்தது, கைத்தட்டலும் வந்தது, அன்றைக்கு வந்ததைப் போல நாலு மடங்கு. இடியின் தோள் ஒரு தடவை லேசாகத் தூக்கிப் போட்டது. கிதார்காரனின் கால் பெட்டியை நோக்கி நகர்ந்தது. ஆனால் நாலு நாலாகவே இருந்தது. அவள் உதடு அசைவதைப் பார்த்தேன், எண்ணிக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது பல்லவிக்கு முன்னால் ‘டப்’ என்று ஒரு சத்தம். கிதார் செத்தது. பேஸ் செத்தது. பாடகன் வாயைத் திறந்து திறந்து மூடுகிறான், ஒன்றும் கேட்கவில்லை. விளக்குகள் மட்டும் எரிந்தன. மேடைச் சாமான்களுக்குப் போகிற லைனில் ஃப்யூஸ் போயிருக்கிறது. கிதார்காரன் பதற்றத்தில் பெட்டியை ஓங்கி மிதித்தான். பச்சை விளக்கே இல்லை. மறுபடி மிதித்தான். அதுவும் செத்துக் கிடந்தது.

அந்தப் பெரிய அரங்கத்தில் கேட்டது இடியின் டிரம் ஒன்றுதான். கரண்ட் வேண்டாத ஒரே ஆள் அவள்.

முன்வரிசைக் கறுப்புச் சட்டைகளுக்கு உயிர் வந்துவிட்டது. “சோலோ! சோலோ!” என்று கத்தினார்கள். இப்படி ஒரு சந்தர்ப்பம் யாருக்குக் கிடைக்கும்? மேடை முழுக்க அவளுடையது. ஏழும் பதினொன்றும் பதிமூன்றும் அவள் விரல் நுனியில் காத்திருக்கின்றன. அவள் மனசு வைத்திருந்தால் அந்த அரங்கையே வாய் பிளக்க வைத்திருக்கலாம். வைத்துவிடுவாள் என்றுதான் நானும் நினைத்தேன்.

அவள் நாலு அடித்தாள்.

வெறும் நாலு. சத்தத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ஒவ்வொரு அடிக்கும் நடுவில் அந்தக் காலி இடத்தை அப்படியே திறந்து விட்டாள். அந்த இடத்துக்குள் முதலில் எங்கோ பின்னாலிருந்து ஒரு பெண் குரல் வந்தது: “கதவு திறந்துதான் கிடக்கு, வா...” பிறகு பத்துப் பேர். பிறகு வரிசை வரிசையாக. மைக் இல்லை, கிதார் இல்லை, மேடையில் யாரும் பாடவில்லை. முன்பின் தெரியாத ஜனங்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்து ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை சிலிர்த்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு பெரிய ஒன்றை நான் அதற்கு முன் கேட்டதில்லை. என் பக்கத்தில், பூகம்பத்துக்கும் எழாத மனிதர், கண்ணைத் துடைத்துக்கொண்டு பாடிக்கொண்டிருந்தார்.

கறுப்புச் சட்டைகள் கத்துவதை எப்போது நிறுத்தினார்கள் என்று தெரியவில்லை. பார்த்தபோது கட்டிய கைகள் அவிழ்ந்திருந்தன.

யாரோ ஃப்யூஸைப் போட்டுவிட்டார்கள். பெட்டியில் பச்சை விளக்கு மறுபடி எரிந்தது. கிதார் லேசாக உறுமியது. கிதார்காரன் தந்திகளின் மேல் கையை வைத்தான், வாசிக்கப் போகிறான் என்று நினைத்தேன். வாசிக்கவில்லை. திரும்பி இடியையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் கண்ணை மூடியிருந்தாள், கரண்ட் வந்ததும் தெரியாது, போனதும் தெரியுமோ என்னவோ, எண்ணிக்கொண்டே இருந்தாள். அவன் குனிந்து பெட்டியின் ஒயரைப் பிடுங்கினான். கிதாரைத் தோளிலிருந்து கழற்றித் தரையில் வைத்தான். மேடையின் ஓரப் படி வழியாக இறங்கி வந்து, முன்வரிசையில் எங்களோடு நின்றுகொண்டு, அவள் கொடுத்த ‘ஒண்ணு’க்குக் கை தட்டினான்.